முழுப் பக்கம் எங்கே?

நூறாண்டுக் காமிக்ஸ் இன்று ஸ்கேன் கோப்புகளாக நம் கைக்குள் இருக்கிறது. அதைத் திரையில் படிக்கும்போது எது கிடைக்கிறது, எது தவறிப்போகிறது?

1908 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. ‘நியூயார்க் ஹெரால்ட்’ நாளிதழின் வண்ண இணைப்பைப் பிரித்தவர்கள் ஒரு கட்டில் நடப்பதைப் பார்த்தார்கள். வின்சர் மக்கே வரைந்துவந்த ‘லிட்டில் நெமோ இன் ஸ்லம்பர்லேண்ட்’ தொடரின் அந்த வாரப் பக்கம் அது. நெமோ என்ற சிறுவன் வாராவாரம் தூங்குவான், கனவு காண்பான், கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொள்வான். அன்றைய கனவில் அவன் படுத்திருந்த கட்டிலின் கால்கள் நீள ஆரம்பிக்கின்றன. கட்டில் வீட்டைவிட்டு இறங்கித் தெருவில் நடக்கிறது. மாடிக் கட்டடங்களுக்கு மேலே காலைத் தூக்கிவைத்துப் போகிறது. கடைசியில் இடறி விழ, பையன் விழித்துக்கொள்கிறான். கால்கள் நீள நீள, அவற்றை வரைந்திருக்கும் கட்டங்களும் உயரமாகிக்கொண்டே போகின்றன என்பதுதான் மக்கே செய்த அற்புதம். கதையை வசனம் சொல்லவில்லை, பக்கத்தின் வடிவமே சொல்கிறது.

அந்தப் பக்கத்துக்கு இன்று காப்புரிமைத் தடை எதுவும் இல்லை. மதுரையில் இருப்பவரும் மலேசியாவில் இருப்பவரும் ஒரே நொடியில் அதைத் தங்கள் கைப்பேசியில் திறக்கலாம். திறக்கலாம், சரி. படிக்க முடிகிறதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்றைய நாளிதழ்ப் பக்கம் சுமார் 16 அங்குல அகலம், 21 அங்குல உயரம். நம் கைப்பேசித் திரையின் அகலம் மூன்று அங்குலத்துக்கும் குறைவு. பக்கம் முழுவதையும் அதற்குள் அடக்கினால் அகலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, பரப்பளவு 36-இல் ஒரு பங்காகிவிடுகிறது. வசன பலூன்கள் எறும்புக் கூட்டம்போல் தெரிகின்றன. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் எழுத்து தெளிகிறது, ஆனால் அப்போது கட்டில் திரையில் இருக்கிறது, கால்கள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. எந்தக் கால்களுக்காக மக்கே அந்தப் பக்கத்தை வரைந்தாரோ, அந்தக் கால்கள்.

பீட்டர் மரெஸ்கா என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் ‘சண்டே பிரஸ்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, நெமோ தொடரின் நூற்றாண்டான 2005-இல் தேர்ந்தெடுத்த பக்கங்களை 16-க்கு 21 அங்குலத்தில், அதாவது நாளிதழில் வந்த அதே அளவில், புத்தகமாகப் போட்டார். மடியில் வைத்துப் படிக்க முடியாத புத்தகம். தரையில் விரித்துவைத்து, குனிந்து படிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்கப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அப்படித்தான் படித்தார்கள். அந்த அளவில் பார்த்த பிறகு, இத்தனை காலம் நாம் திரையில் பார்த்தது நெமோவின் அடையாள அட்டைப் படத்தைத்தான் என்று புரிந்துபோகிறது.

பழைய தாளின் வாசனை, கையில் பிடிக்கும் சுகம் என்றெல்லாம் பேச நான் வரவில்லை. அவை தனி விருப்பங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: ஓவியர் வரைந்த முழுப் பக்கம் வாசகரின் கண்ணுக்கு வந்து சேர்கிறதா?

கண் செய்யும் இரண்டு வேலைகள்

காமிக்ஸ் படிக்கும் கண் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பக்கத்தைத் திருப்பியதும் முழுவதையும் ஒரு வீச்சில் பார்த்துவிடுகிறது. பிறகு முதல் கட்டத்துக்குப் போய் வரிசையாக வாசிக்கிறது. வாசிக்கும்போதும் ஓரக்கண்ணில் அடுத்த கட்டங்கள் இருந்துகொண்டே இருக்கின்றன. வரப்போவது பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருப்பதுதான் அந்த வாசிப்பின் துடிப்பு. நாவலுக்கு இது கிடையாது, சினிமாவுக்கும் கிடையாது.

ஃபிராங்க் கிங் வரைந்த ‘கேசலின் ஆலி’ தொடரின் 1930-களின் ஞாயிறு பக்கங்கள் சிலவற்றைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். பக்கம் முழுவதும் ஒரே ஒரு காட்சி: ஒரு கடற்கரை, அல்லது பாதி கட்டி முடித்த ஒரு வீடு. அந்த ஒரே காட்சியைக் கோடு போட்டுப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்திருப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு நேரத்தில் நடக்கும் சிறு சம்பவம். இடம் ஒன்று, காலம் பன்னிரண்டு. தள்ளி நின்று பார்த்தால் ஓவியம், நெருங்கிப் படித்தால் கதை. இதைக் கட்டம் கட்டமாக வெட்டிக் காட்டினால் பன்னிரண்டு சாதாரணப் படங்கள் மிஞ்சும், அவ்வளவுதான்.

வெட்டிக் காட்டுவதையே ஒரு வசதியாகக் கொண்டுவந்தது ‘காமிக்ஸாலஜி’ நிறுவனம். 2009-இல் வந்த அதன் செயலியில் ‘கைடட் வியூ’ என்ற முறை இருந்தது. திரையைத் தொட்டால் போதும், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அதுவே கூட்டிக்கொண்டு போகும். சிறிய திரையில் எழுத்தைப் படிக்க வைத்த வகையில் அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. லட்சக்கணக்கானோர் அதன்வழியாகக் காமிக்ஸுக்குள் வந்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முறையில் அடுத்து எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது செயலி. எவ்வளவு நேரம் நிற்கலாம், எதைத் திரும்பிப் பார்க்கலாம், எதை ஓரக்கண்ணால் முன்கூட்டியே பார்த்து மனம் பதறலாம் என்ற சுதந்திரம் வாசகரிடமிருந்து போய்விடுகிறது.

அந்தச் செயலியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் அமேசான் அதை வாங்கியது. 2022 பிப்ரவரியில் அமேசான் தன் கிண்டில் ஏற்பாட்டோடு அதை இணைத்தபோது, இரண்டு பக்கம் விரிந்து கிடக்கும் பெரிய சித்திரங்கள் சரியாகத் தெரியவில்லை என்று வாசகர்கள் கொதித்தார்கள். 2023 டிசம்பரில் தனிச் செயலியே மூடப்பட்டது. வாங்கிய இதழ்கள் கிண்டிலுக்குள் போய்ச் சேர்ந்தன. திரையில் நாம் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் படிக்கும் உரிமையைத்தான், இதழை அல்ல. அலமாரியில் இருக்கும் இதழை எந்தக் கம்பெனியும் ஓர் இரவில் வேறு அளவுக்கு மாற்றிவிட முடியாது.

திரை ஜெயிக்கும் இடம்

இதையெல்லாம் சொல்வதால் திரையைக் கரித்துக்கொட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். சில காமிக்ஸுக்குத் திரை அச்சைவிடப் பொருத்தமானது.

சார்லஸ் ஷுல்ஸின் ‘பீநட்ஸ்’ 1950 அக்டோபர் 2 அன்று தொடங்கி, 2000 பிப்ரவரி 13 அன்று முடிந்தது. மொத்தம் 17,897 துணுக்குகள். நாளிதழ்களில் இடப் பஞ்சம் இருந்த காலத்தில், இடத்தை மிச்சப்படுத்தும் தொடர் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். நான்கு சம அளவுக் கட்டங்கள். ஆசிரியர் தன் வசதிக்கு அவற்றை வரிசையாகப் போடலாம், இரண்டுக்கு இரண்டாக அடுக்கலாம், ஒன்றின் கீழ் ஒன்றாகவும் வைக்கலாம். எப்படி வைத்தாலும் சிதையாதபடி ஷுல்ஸ் வரைந்தார். குறைந்த கோடு, வெற்றுப் பின்னணி, சில சொற்கள். அந்தக் கட்டுப்பாடு இன்றைய கைப்பேசிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2004 முதல் 2016 வரை 26 தொகுதிகளாக வெளியிட்ட முழுத் தொகுப்பு அழகானதுதான். ஆனால் தினம் ஒன்று என்று வரையப்பட்டதைத் தினம் ஒன்றாகவே திரையில் படிக்கும்போது அதன் இயல்பான நடை கிடைக்கிறது. தொகுதியாகக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் நூறு படித்தால் சலித்துவிடும்.

அதற்கு நேர் எதிர் பில் வாட்டர்சன். ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ தொடரின் ஞாயிறு பக்கங்களை நாளிதழ்கள் தங்கள் விருப்பத்துக்கு வெட்டிச் சுருக்குவதை அவர் எதிர்த்தார். 1992-இல் விடுப்பிலிருந்து திரும்பியபோது, அரைப்பக்க இடத்தை உடைக்காமல் அப்படியே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தார். பத்திரிகை ஆசிரியர்கள் பலர் எரிச்சலடைந்தார்கள், அவர் மசியவில்லை. அதன்பின் 1995 டிசம்பர் 31 வரை அவர் வரைந்த ஞாயிறு பக்கங்களில் கட்டங்கள் பக்கமெங்கும் ஓடுகின்றன, சில இடங்களில் கட்டமே இல்லாமல் வெட்டவெளி கிடக்கிறது. நாளிதழோடு சண்டை போட்டு வாங்கிய அந்த இடத்தைக் கைப்பேசி மறுபடியும் பறித்துக்கொள்கிறது. இதில் எனக்கு வருத்தமுண்டு.

திரையின் மிகப் பெரிய கொடை வேறு: அது கதவைத் திறந்துவிட்டது. 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியான எந்த இதழுக்கும் 28-வது ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். 1940-களிலும் 50-களிலும் முளைத்து மூடப்பட்ட பல சிறு கம்பெனிகளின் இதழ்களைப் புதுப்பிக்க ஆளே இல்லை. அவை பொதுச்சொத்தாயின. ‘டிஜிட்டல் காமிக் மியூசியம்’, ‘காமிக் புக் பிளஸ்’ போன்ற ஆவணக்கிடங்குகளில் அந்த இதழ்களை ரசிகர்களே ஸ்கேன் எடுத்து ஏற்றிவைத்திருக்கிறார்கள், இலவசமாக. ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகும் இதழ், பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டு அடைபட்டு யாரும் திறந்தே பார்க்காத இதழ், இங்கே அட்டை முதல் கடைசிப் பக்க விளம்பரம் வரை கிடைக்கிறது. சில்லறை விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள், தபால் விதிக்காகச் சேர்த்த இரண்டு பக்க உரைநடைக் கதை எல்லாமே. ஆடம்பர மறுபதிப்புகள் பெரும்பாலும் இவற்றை விட்டுவிடும். ஓர் இதழ் அதன் காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஸ்கேன்தான் சாட்சி. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வெளிநாட்டு நூலகத்துக்குப் போகாமலே ஓர் ஓவியரின் ஆரம்ப நாட்களைத் தேடி எடுக்க முடிகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இது கனவு.

வண்ணம் யாருடையது?

அச்சுப் புத்தகம் என்றாலே மூலத்துக்கு அருகில் இருப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். காமிக்ஸ் விஷயத்தில் இது பல சமயம் தவறு.

பழைய அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களின் வண்ணம் எப்படி உருவானது? மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று மைகள், கோட்டுக்குக் கறுப்பு. மூன்று மைகளில் ஒவ்வொன்றையும் இல்லாமலும், 25, 50, 100 சதவீத அடர்த்தியிலும் பயன்படுத்தலாம். நான்கை மூன்று முறை பெருக்கினால் 64 நிறங்கள். அவ்வளவுதான் மொத்தச் செல்வம். இளம் நிறங்களைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சடித்தார்கள். மட்டமான நியூஸ்பிரிண்ட் தாள் மையை உறிஞ்சும், புள்ளி கொஞ்சம் பரவும், தாளின் பழுப்பு நிறமும் கலக்கும். கண்ணுக்கு அது மெல்லிய நிறமாகத் தெரியும். வண்ணம் தீட்டியவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டே நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சில் மங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பளீர் நிறத்தை வைத்தார்கள்.

அதே நிறக் குறிப்புகளை எடுத்துப் பளபளப்பான ஆர்ட் தாளில் மறுபதிப்பாக அச்சிட்டால் என்ன ஆகும்? மை உறிஞ்சப்படாது. வானம் கண்ணைக் குத்தும், முகங்கள் பிளாஸ்டிக் பொம்மை போலாகும். 1980-களின் இறுதியிலிருந்து வந்த கெட்டி அட்டைத் தொகுப்புகள் பலவற்றில் இந்தக் குறை இருக்கிறது. சிலவற்றில் கணினியில் புதிதாக வண்ணமே தீட்டிவிட்டார்கள். விலை அதிகம், கட்டமைப்பு உறுதி, ஆனால் அந்த நிறங்களை 1940-களின் சிறுவன் பார்த்ததே இல்லை. இதற்குப் பக்கத்தில் ஒரு ரசிகர் தன் மேசையில் வைத்து எடுத்த நல்ல ஸ்கேனைத் திறந்து பாருங்கள். தாளின் பழுப்பு, வரியைத் தாண்டி வழிந்த சிவப்பு, பின்பக்கத்துக் கறுப்பு லேசாகத் தெரிவது எல்லாமே இருக்கும். இந்த இரண்டில் மூலத்துக்கு அருகில் இருப்பது திரைதான். நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

நல்ல ஸ்கேன் என்று சொன்னேன். எல்லா ஸ்கேனும் நல்லதல்ல. இணைய வேகம் குறைவாக இருந்த நாட்களில் கோப்பின் எடையைக் குறைக்கப் படங்களைச் சுருக்கி, நசுக்கிச் சேமித்தார்கள். புள்ளிகளால் ஆன வண்ணத்தைச் சுருக்கும்போது அச்சுப் புள்ளிகளும் திரைப் புள்ளிகளும் மோதி, இல்லாத அலைக்கோடுகள் படத்தின்மேல் தோன்றும். ஓவியர் வரையாத நெளிவு நெமோவின் வானத்தில் ஓடும். ‘சுத்தம் செய்கிறேன்’ என்று தாளின் பழுப்பை அடியோடு வெளுத்து, மெல்லிய கோடுகளையும் சேர்த்து அழித்துவிடுபவர்களும் உண்டு. 21 அங்குல உயரப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எடுத்தால் படம் மூன்று கோடிப் புள்ளிகள் கொண்டதாக இருக்கும். இன்றைய 4கே திரை காட்டுவதோ 83 லட்சம் புள்ளிகள். அதாவது நல்ல ஸ்கேன் ஒன்றில் 4கே திரையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாத அளவு விவரம் அடங்கியிருக்கிறது. நாளை வரும் திரைக்காகவும் அச்சுக்காகவும் அது காத்திருக்கிறது. சுருக்கிய ஸ்கேனிடம் எந்த நாளையும் எதையும் கேட்டு வாங்க முடியாது.

எடைக்குப் போன நாளிதழ்கள்

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தோன்றியது.

திரைக்கு வெகுநாள் முன்பே, பக்கங்களைப் படமெடுத்துவிட்டு மூலத்தைக் கழிக்கும் வேலை தொடங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க நூலகங்கள் தங்களிடமிருந்த நாளிதழ்த் தொகுதிகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தன. மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பொடிந்துவிடும் என்ற பயம் ஒன்று, இடநெருக்கடி இன்னொன்று. படமெடுத்த பிறகு தாள் எதற்கு? பைண்டிங் செய்த தொகுதிகள் விற்கப்பட்டன, கழிக்கப்பட்டன. மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. மக்கேயின் வண்ணக் கனவுகள், ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’ பாலைவன வானங்கள், 1896-இல் ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் மஞ்சள் சட்டையோடு புகழ்பெறத் தொடங்கிய சிறுவன் எல்லாம் சாம்பல் நிறக் கறையாகச் சுருண்டு டப்பாவுக்குள் போயின. இன்று இணையத்தில் கிடைக்கும் பழைய நாளிதழ் ஆவணங்களில் பெரும்பகுதி அந்த மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த ஸ்கேன்தான். செய்தியைத் தேட அது போதும். சித்திரத்தைப் பார்க்க அது உதவாது. பலூனுக்குள் கையால் எழுதிய எழுத்தைக் கணினி பெரும்பாலும் சரியாகப் படிப்பதில்லை, எனவே தேடினாலும் சிக்குவது அரிது.

சான் பிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பியர்ட் என்ற மனிதர் இருந்தார். நாளிதழ்க் காமிக்ஸின் வரலாற்றை எழுத நினைத்தவர். நூலகங்கள் தொகுதிகளைக் கழிக்கின்றன என்று தெரிந்ததும் அவற்றைத் தனக்குத் தரும்படி கேட்டார். தனிமனிதருக்குத் தர விதி இல்லை என்றார்கள். அதற்காகவே 1968-இல் ‘சான் பிரான்சிஸ்கோ அகாடமி ஆஃப் காமிக் ஆர்ட்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்தார். அகாடமியின் இருப்பிடம் அவர் குடியிருந்த வீடு. நாடெங்கும் இருந்து வந்த தொகுதிகள் வீட்டின் அறைகளையெல்லாம் நிறைத்தன. முப்பது ஆண்டுகள் அவர் அந்தத் தாள்களைப் பிரித்து, நறுக்கி, தொடர்வாரியாக, தேதிவாரியாக அடுக்கினார். 1977-இல் மார்ட்டின் வில்லியம்ஸோடு சேர்ந்து அவர் தொகுத்த ஸ்மித்சோனியன் நாளிதழ்க் காமிக்ஸ் தொகுப்புதான் ஒரு தலைமுறைக்குக் ‘கிரேஸி கேட்’டையும் நெமோவையும் அறிமுகப்படுத்தியது. அதன்பின் வந்த மறுபதிப்புகள் பலவற்றுக்கு மூலப் பக்கம் அவர் வீட்டிலிருந்து போனது.

1998-இல் அந்தச் சேகரிப்பு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. எடை 75 டன். ஏற்றிச் செல்ல ஆறு கனரக லாரிகள் தேவைப்பட்டன. சுமார் 25 லட்சம் கத்தரிப்புகள். காமிக்ஸ் ஓவியர் மில்டன் கேனிஃப்பின் காகிதங்களைக் கொண்டு 1977-இல் லூசி காஸ்வெல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகக் காப்பகம் இன்று பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகம், அருங்காட்சியகம் என்ற பெயரில் இயங்குகிறது. பிளாக்பியர்ட் 2011-இல் காலமானார்.

இன்னொருவர் எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர். 1999-இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளைக் கழிக்க முனைந்தபோது, தன் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்து அவற்றை வாங்கினார். புலிட்சரின் ‘வேர்ல்ட்’ வண்ண இணைப்புகள் அதில் இருந்தன, பல பக்கங்கள் புத்தம் புதிதுபோல. தாள் பொடிந்துவிடும் என்று சொல்லித்தானே எல்லாவற்றையும் கழித்தார்கள்? பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்து, எத்தனையாவது மடிப்பில் உடைகிறது என்று பார்த்துத்தான் நூலகர்கள் தாளின் ஆயுளைத் தீர்மானித்தார்கள். யாராவது புத்தகத்தை அப்படி மடித்துப் படிப்பார்களா என்று 2001-இல் வந்த ‘டபுள் ஃபோல்ட்’ நூலில் அவர் கோபத்தோடு வாதாடினார். நூலகத் துறையில் பலர் அவரை மறுத்தார்கள். அவர் காப்பாற்றிய தொகுதிகள் 2004-இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவை இன்றும் பிரித்துப் பார்க்கும் நிலையில் இருக்கின்றன என்பதே அவருடைய வாதத்துக்குப் போதுமான சான்று என்று நான் நினைக்கிறேன்.

இந்த இருவரும் தாளைக் காப்பாற்றியிராவிட்டால் இன்று திரையில் ஜூம் செய்து பார்ப்பதற்கு வண்ணப் பக்கம் எது? திரையா, தாளா என்று நாம் பட்டிமன்றம் நடத்த முடிவதே, யாரோ ஒருவர் தன் வீட்டை நிறைத்துக்கொண்டு தாளை வைத்திருந்ததால்தான். 1950-களில் மைக்ரோஃபிலிம் எடுத்தவர்களும் ‘இனித் தாள் வேண்டாம்’ என்றுதான் நம்பினார்கள். இன்று ஸ்கேன் எடுத்ததும் அதே பேச்சு திரும்பி வருகிறது.

சிவகாசியில் பிறந்த பக்கங்கள்

நமக்கு இதில் சொந்தப் பங்கு உண்டு. 1972-இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வந்தது, முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில் வந்த ‘ஸ்டீல் கிளா’வின் தமிழ் வடிவம். ஸ்பெயின் ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ வரைந்தது. 1984-இல் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கியபோது முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. மாடஸ்டி பிளைஸி லண்டன் நாளிதழில் தினம் ஒரு வரியாக வந்த தொடர்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். லண்டனில் மாடஸ்டிக்குப் பக்கம் என்ற ஒன்று கிடையாது, தினம் இரண்டு மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு வரிதான். அந்த வரிகளைப் பிரித்து அடுக்கிப் பக்கமாக்கியது, பலூனுக்குள் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழைப் பொருத்தியது, அட்டைப்படம் போட்டது, அடுத்த இதழுக்கான விளம்பரம் வைத்தது எல்லாம் சிவகாசி. அந்தப் பக்கம் உலகில் வேறெங்கும் இல்லை. ஆங்கில மூலம் எத்தனை கெட்டி அட்டைத் தொகுப்பாக வந்தாலும், எந்த இணைய ஆவணத்தில் கிடைத்தாலும், தமிழ்ப் பிள்ளைகள் படித்த பக்கத்துக்கு அது ஈடாகாது. ‘ஸ்டீல் கிளா’ உள்ளிட்ட பழைய பிரிட்டிஷ் தொடர்களின் உரிமை இன்று ஆக்ஸ்போர்டில் உள்ள ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் அவற்றை ஆங்கிலத்தில் மறுபதிப்பு செய்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தை அவர்கள் காப்பாற்றப் போவதில்லை. அது நம் வேலை.

நம் ஊரில் அந்த இதழ்கள் மலிவுத் தாளில் அச்சாகி, கைமாறிக் கைமாறிக் கிழிந்து, வீட்டில் இடமில்லை என்று பழைய பேப்பர் கடைக்குப் போனவை. பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெரும்பாலான நூலகங்கள் அவற்றைச் சேர்த்துவைக்கவில்லை. மிஞ்சியவை ரசிகர்களின் பெட்டிகளில் இருக்கின்றன. பலர் அக்கறையோடு ஸ்கேன் எடுத்துக் கோப்பாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். உரிமையுள்ள பதிப்பகம் இன்றும் மறுபதிப்புகளை வெளியிட்டு வரும்போது, அந்தக் கதைகளின் கோப்புகளை எல்லோருக்கும் பரப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்துவைப்பது வேறு. அந்தப் பிரதி இல்லாவிட்டால், இருபது ஆண்டுகள் கழித்து மறுபதிப்பு போட நினைக்கும் பதிப்பகத்துக்கே மூலம் கிடைக்காது.

ஆகவே பெட்டியில் பழைய இதழ் வைத்திருப்பவர்களிடம் சில வார்த்தைகள். ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கிறது என்று முதுகை வெட்டிப் பக்கங்களைத் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். கண்ணாடியில் அழுத்தினால் உடையும் என்றால் மேலிருந்து கேமராவால் எடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல், நசுக்காத கோப்பாக ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள், படிப்பதற்குச் சிறியது வேண்டுமென்றால் அதிலிருந்து இன்னொன்று செய்துகொள்ளுங்கள். தாளை வெளுக்காதீர்கள். அட்டை, விளம்பரம், வாசகர் கடிதம், விலை அச்சிட்ட மூலை எதையும் விடாதீர்கள். திரையில் படிப்பவர்கள் முடிந்தவரை கைப்பேசியைத் தவிர்த்துப் பெரிய டேப்லெட்டை நிமிர்த்திவைத்துப் படியுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் முழுதாகப் பார்த்துவிட்டுப் பிறகு ஜூம் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் முடிந்தது என்பதற்காக இதழை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் ஒரு சேகரிப்பாளரையோ ஆராய்ச்சி நூலகத்தையோ கேட்டுப் பாருங்கள்.